ஒன்றரை அடி இறங்கிய கரும்பலகை

முதலில் நான் கட்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாரும் சொல்லப் போவதில்லை என்பது இந்த வயதில் தெரிந்துவிட்டது.

ஹைதராபாத்தில், அல்வாலில் இரண்டு மாடி வீடு. அஸ்திவாரத்திலிருந்து மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் வரை என் கை. வாரம் முழுக்க ஊரார் வீட்டுக்குச் சுவர் எழுப்பிவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் என் வீட்டுக்குக் கல் வைத்தேன். ஒன்பது வருடம் பிடித்தது. குகட்பள்ளியில் பள்ளிக்கூட பெஞ்சு செய்யும் பட்டறை. அந்த இடம் முள்ளும் பாம்புமாய்க் கிடந்த காலத்தில் நாலு தகரத்தை நிறுத்தித் தொடங்கியது. சைனிக்புரியில் ஒரு சுற்றுச்சுவர்; நிற்காது என்று படித்த இன்ஜினியர் எழுதியே கொடுத்தார், அவர் ரிட்டயர் ஆகி ஊருக்குப் போய்விட்டார், சுவர் நிற்கிறது. சுண்ணாம்பு தெறித்து என் இடது கண் பாதி மங்கிய பிறகு கட்டியது அது. அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கலாசித் தொழிலாளி, அரக்கோணத்துப் பக்கத்திலிருந்து வந்தவர். எனக்கு ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. யாரும் தடுக்கவில்லை. பிடிக்கவில்லை, ஓடிவிட்டேன். அவ்வளவுதான். அதற்காக நான் அழுததும் கிடையாது.

எல்லாவற்றுக்கும் மேல், கரும்பலகைகள். ஆணியில் மாட்டும் மரப்பலகை இல்லை. சுவரைக் கொத்தி, சிமெண்ட் பூசி, கரணையால் கண்ணாடி மாதிரி இழைத்து, பத்து நாள் தண்ணீர் விட்டு, பிறகு கறுப்பு ஏற்றுகிற பலகை. ஹைதராபாத்திலும் சிக்கந்தராபாத்திலும் நான் பலகை போட்ட பள்ளிக்கூடங்களை எண்ணுவதை எப்போதோ விட்டுவிட்டேன். இன்றைக்கு டாக்டராக இருக்கிறவனும் இன்ஜினியராக இருக்கிறவனும் என் சுவரைப் பார்த்துத்தான் அ, ஆ கற்றான்.

போன மாதம் எங்கள் பகுதித் தமிழ்ச் சங்கத்தில், "நல்ல பள்ளி ஆசிரியர் யார்" என்று ஆண்டு மலருக்கு எழுதித் தரச் சொன்னார்கள். "படிச்சவங்க நிறைய பேர் எழுதறாங்க, நீங்க ஒரு மாறுதலுக்கு" என்றார் செயலாளர். மாறுதலுக்காம்! ஆசிரியர்கள் தங்கள் வகுப்பறை ஒன்றைப் பார்த்திருப்பார்கள். நான் நாற்பது வருடமாக எல்லோருடைய வகுப்பறைக்குள்ளும் சாந்துச் சட்டியோடு நின்றவன். பாடம் நடக்கும்போதே விரிசலை அடைத்தவன். என்னை விட யாருக்குத் தெரியும்?

ஆகவே எழுதுகிறேன். ஆனால் இது வாழ்த்துக் கட்டுரை இல்லை, வழக்கு. அல்வாலில் ஒரு பள்ளிக்கூடம் தன் இருபத்தைந்தாம் ஆண்டுக்கு வழுவழுப்பான தாளில் ஒரு மலர் போட்டிருக்கிறது. அதில், அந்தப் பள்ளியின் மூலை அறையில் குழந்தைகளின் உயரத்துக்கு இறங்கியிருக்கும் ஒரு கரும்பலகையைப் பற்றி நாலு பக்கம். பள்ளியை நிறுவியவர் ஒவ்வொரு குழந்தையின் தோள் உயரத்தையும் தாமே டேப் பிடித்து அளந்து அந்தப் பலகையை அமைத்தாராம். ஒரு தொலைநோக்காம். அதே மாதிரி பலகை இப்போது அவர்களுடைய எல்லாக் கிளைகளிலும் இருக்கிறதாம். நாலு பக்கத்தில் என்னைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. அது போகட்டும். அந்த அறையில் இருபத்து மூன்று வருடம் பாடம் நடத்திய டீச்சரைப் பற்றியும் ஒரு எழுத்து இல்லை. குரூப் போட்டோவில் மூன்றாவது வரிசையில் பாதி முகம் தெரிகிறார். அவ்வளவுதான்.

படித்ததும் எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. மலரைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து மனைவியிடம் காட்டினேன்.

"பாரு, நான் யோசிச்சுப் போட்ட டிசைனு. அந்த ஸ்கூல்காரன் அளந்தானாம்."

அவள் மலரை வாங்கிப் பார்க்கவே இல்லை. கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்: "டிசைனா? அந்தப் பலகைய கீழ போட்டுட்டு வந்து மூணு நாளு நீ சோறு துன்னல. மூஞ்சிய தூக்கி வெச்சினு இருந்த. இப்ப டிசைனாம். எங்கிட்டயே சொல்றியேய்யா."

கோபத்தில் மலரைத் திரும்பச் சுருட்டினேன். அவள் சொன்னது உண்மை என்பதாலும்தான்.

நடந்ததைச் சொல்கிறேன். அப்போது எனக்கு நாற்பத்தேழு வயது, தொழிலில் கொடி கட்டிப் பறந்த காலம். நான் பலகை போடுவதற்கு டேப் தொடமாட்டேன். அறைக்குள் போவேன், சுவரோடு சுவராக நிற்பேன், என் இடுப்பெலும்பு எங்கே முட்டுகிறதோ அங்கே ஒரு கோடு. அதுதான் பலகையின் அடிமட்டம். அதற்கு மேலே நாலடி. எந்தப் பள்ளிக்கூடத்திலும் இன்றுவரை யாரும் குறை சொன்னதில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு வந்த இன்ஜினியர்கள் என் கோட்டை அளந்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் எட்டு அறை. ஏழில் தரைக்கு ஷாபாத் கல் பாவி முடிந்திருந்தது. மூலை அறை பள்ளத்தில் இருந்தது, மழைத் தண்ணீர் வரும் என்பதால் அதற்கு மட்டும் மண் கொட்டித் தரையை உயர்த்தி, அதற்கு மேல் கல் பாவ வேண்டும். இது எனக்குத் தெரியும். சூப்பர்வைசர் சொன்னான். நானும் தலையை ஆட்டினேன். தரை முடியாமல் பலகையைத் தொடக் கூடாது என்பது என்னுடைய சட்டம்தான், வேறு யாருடையதும் இல்லை. ஆனால் ஜூன் மாதம் நெருங்கிவிட்டது, பள்ளி திறக்க வேண்டும், அந்த வாரமே முடித்துவிட்டு மௌலாலிப் பக்கம் இன்னொரு வேலைக்கு ஓட வேண்டும். மண் தரையில் நின்றேன். இடுப்பெலும்பில் கோடு போட்டேன். பூசினேன், இழைத்தேன், போய்விட்டேன். பிறகு அவர்கள் ஒன்றரை அடிக்கு மண் கொட்டிக் கல் பாவினார்கள். பலகை அங்கேயே இருந்தது, தரை மேலே வந்துவிட்டது.

திரும்பி வந்து பார்த்தபோது பலகையின் அடி என் முழங்காலுக்கு வந்திருந்தது.

பள்ளியை நிறுவியவர் கதவருகே இடுப்பில் கை வைத்து நின்றார். தெலுங்குக்காரர், கோபம் வந்தால் உருது கலந்து வரும். "கைக்கு மேஸ்திரி, எதுக்கு? எதுக்கு இத்தனை கீழ? இது பசங்களுக்கா, பூனைக்கா? பின்னாடி உட்கார்றவனுக்கு என்ன தெரியும்? மண்டை தெரியும்! இடிச்சுட்டு நாளைக்கே மேல போடு."

சுத்தியலை எடுத்தேன். நாற்பத்தேழு வயதில், எட்டு சித்தாள்கள் பார்க்க, என் கையால் போட்ட பலகையை என் கையாலே இடிப்பது எப்படி இருக்கும் என்று பலகை போடாதவர்களுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாது.

அப்போதுதான் அந்த டீச்சர் உள்ளே வந்தார். மதுரைப் பக்கத்துப் பெண், கணவர் ராணுவத்தில் ஹவில்தார், சிக்கந்தராபாத்துக்கு மாற்றலாகி வந்தவர்கள். முப்பத்தைந்து வயது இருக்கும். மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு நடத்த வேலைக்குச் சேர்ந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. கையில் ஒரு டப்பா சாக்பீஸ்.

"இடிக்க வேணாம் சார்" என்றார். "ஒரு வாரம் பொறுங்க. சரிப்படலன்னா நானே இடிக்கச் சொல்றேன்."

"பின் பெஞ்சுக்குத் தெரியாதும்மா."

"பின் பெஞ்ச முன்னாடி கூப்பிட்டுக்கிறேன் சார்."

என்னிடம் திரும்பி, "என்னண்ணே, ஒரு வாரத்துல பலக ஓடியா போயிரும்?" என்றார். சித்தாள்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஆனால் சுத்தியலைக் கீழே வைத்தேன்.

ஒரு வாரம் இருபத்து மூன்று வருடம் ஆனது.

இனி நல்ல ஆசிரியர் விஷயம். மற்றவர்கள் அன்பு, பொறுமை, அர்ப்பணிப்பு என்றெல்லாம் நம் சங்க மலரில் எழுதுவார்கள். எழுதட்டும். எனக்குப் பலகைதான் தெரியும். ஒவ்வொரு மே மாதமும் பள்ளிகளுக்குப் போய்ப் பழைய பலகைகளைத் தேய்த்துப் புதுக் கறுப்பு அடிப்பேன். தேய்ப்பதற்கு முன் உள்ளங்கையால் ஒரு முறை தடவிப் பார்ப்பேன். பலகை எங்கே தேய்ந்திருக்கிறதோ அங்கே அந்த ஆசிரியர் இருக்கிறார். சிலருக்கு நடுவில் ஒரு முழம் மட்டும் வழுக்கை விழுந்திருக்கும். அவர் ஒரே இடத்தில் நின்று நோட்ஸ் எழுதிப் போட்டுவிட்டுத் திரும்பாமல் போனவர். சிலருக்கு வலது மேல் மூலை, தேதியும் வருகை எண்ணும் எழுதுகிற இடம், அது மட்டும்தான் தேய்ந்திருக்கும். அப்படிப்பட்டவர்களுக்குப் பிள்ளைகள் பாதத்தைத் தொட்டு வணக்கம் சொல்வதையும் பார்த்திருக்கிறேன். பலகை பொய் சொல்லாது. தலைமையாசிரியர் எழுதிக் கொடுக்கிற சர்டிபிகேட் சொல்லும்.

பிள்ளைகள் பலகைக்கு வந்தார்களா என்பதுதான் என் கேள்வி. பெரும்பாலான பலகைகளில் கீழ்ப்பகுதி நான் கறுப்பு ஏற்றிய முதல் நாள் மாதிரியே சொரசொரப்பாக இருக்கும். அங்கே எந்தப் பிள்ளையின் கையும் பட்டதில்லை.

அந்த மூலை அறையில் முதல் வருடம் முடிந்து மே மாதம் போனேன். கீழே ஒன்றரை அடியிலிருந்து மூன்றரை அடி வரை, பத்தடி நீளத்துக்கும், பலகை சாம்பல் நிறமாக வெளுத்திருந்தது. கையை வைத்தால் வழுக்கியது. மேலே டீச்சர் எழுதுகிற இடம் ஒரு சாண் பட்டையாக மட்டும் தேய்ந்திருந்தது. என் தொழிலில் அப்படி ஒரு பலகையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அடுத்த வருடம் அதில் ஒரு விரிசல் வந்தது என்று பள்ளி நடக்கும்போதே கூப்பிட்டார்கள். அரை நாள் அந்த அறையில் இருந்தேன். டீச்சர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் தரையில், பலகைக்கு முன்னால், சிலர் முட்டி போட்டு, சிலர் நின்றுகொண்டு, ஒருவர் மேல் ஒருவர் விழுந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். பேச்சு எல்லாம் தெலுங்கு, நடுநடுவே ஆங்கிலம். நான் தமிழில் சொல்கிறேன்.

கணக்கு: ஐம்பத்திரண்டில் இருபத்தேழு போனால் எவ்வளவு. ஒரு பெண் குழந்தை, எண்ணெய் வழியும் இரட்டைச் சடை, பக்கத்தில் கடன் வாங்காமல் 3, 20, 2 என்று எழுதி, கீழே 25 என்று போட்டாள்.

"டீச்சர், இவ கடன் வாங்கல! தப்பு!" என்று ஒரு பையன் கத்தினான்.

"ஒன்ன யாருப்பா கேட்டா? அவ சொல்லட்டும்" என்றார் டீச்சர், பெஞ்சிலிருந்து எழுந்திருக்காமல். "எப்படி வந்துச்சு?"

அந்தக் குழந்தை நெடுநேரம் சடையைக் கடித்தது. டீச்சர் பேசவில்லை. வேறு யாரையும் பேச விடவுமில்லை. எனக்கே பொறுக்கவில்லை, சாந்து காய்கிறது, சொல்லிவிடு தாயே என்று இருந்தது. கடைசியில் அது சொன்னது: "இருபத்தேழுலேருந்து முப்பதுக்கு மூணு. முப்பதுலேருந்து ஐம்பதுக்கு இருபது. அப்புறம் ரெண்டு."

நான் வாய் தவறி, "நாங்களும் அப்படித்தான் போடுவோம்" என்றேன். கம்பி வெட்டும்போது, பலகை அறுக்கும்போது, தொழிலுக்கு வந்த நாளிலிருந்து நான் போட்ட கணக்கு அது. யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. என் பிழைப்பு சொல்லித் தந்தது. அதையே ஒன்பது வயதுக் குழந்தை தானாகக் கண்டுபிடித்திருக்கிறது.

வகுப்பு முழுக்க என் பக்கம் திரும்பியது. டீச்சர் சாக்பீஸை நீட்டினார். "அப்ப வந்து போட்டுக் காட்டுங்கண்ணே."

சிமெண்ட் கை என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

பிறகு தப்பு, தப்பு என்று கத்திய பையன் போட்டான். கடன் வாங்கி, அழகாக, 25. திரும்பிப் பெருமையாகப் பார்த்தான். அவனிடமும் அதே கேள்வி: "எப்படி வந்துச்சு?" அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த எண்ணைப் பார்த்து எழுதியிருந்தான். பிள்ளைகள் "ஹோ" என்றார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. எழுந்து வந்து அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து உடைந்த சாக்பீஸ் துண்டுகளை எண்ணச் சொன்னார். சரியான விடை போட்டவனை விடாமல் உட்கார வைத்த ஆசிரியரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். தப்பு விடைக்கு மட்டும் கேள்வி கேட்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

இதுதான் நான் கண்ட நல்ல ஆசிரியர். நான் கெடுத்து வைத்த ஒரு சுவரைப் பார்த்து, இதில் பிள்ளைகளின் கை படும் என்று யோசித்தவர்.

ஆனால் இந்த இடத்தில் நான் ஒரு காரியம் செய்தேன், அதையும் எழுதிவிட வேண்டும். அந்தப் பலகைக்குப் பெயர் வந்ததும், மற்றப் பள்ளிகள் வந்து பார்த்ததும், என் தப்பை என் புத்தி என்று சொல்லத் தொடங்கினேன். "பிள்ளைங்க உயரத்துக்கு நானே யோசிச்சுப் போட்டது" என்றேன். கேட்டவர்களுக்கெல்லாம் கீழே இறக்கிப் போட்டுக் கொடுத்தேன். வருடக்கணக்கில் சொன்னதில் எனக்கே அது நிஜம் போல ஆகிவிட்டது. என் மனைவி மட்டும் நம்பவில்லை.

அப்படி இறக்கிப் போட்ட பள்ளிகளில் என்ன ஆனது என்று கேளுங்கள். ஒன்றும் ஆகவில்லை. மே மாதம் போய்த் தடவிப் பார்த்தேன். ஒரு இடத்தில் பலகையை மறைத்துப் பீரோவைத் தள்ளி வைத்திருந்தார்கள். இன்னொரு இடத்தில் கீழ்ப்பகுதி முழுக்கப் பழங்கள், பறவைகள் என்று சார்ட் ஒட்டியிருந்தார்கள். "குனிஞ்சு எழுதினா முதுகு வலிக்குது" என்று ஒரு ஆசிரியர் என்னையே திட்டினார். அவர் குனிய வேண்டியதே இல்லை என்பது அவருக்குத் தோன்றவில்லை.

மலரைப் படித்த மறுநாள் குகட்பள்ளிக்குப் போனேன். அங்கே அதே பள்ளியின் புதுக்கிளை இருக்கிறது, ஏ.சி. அறை, வெளியூர் ஆர்க்கிடெக்ட். பலகை சரியாக முழங்கால் உயரத்தில் தொடங்குகிறது. சீலைத் துணி மாதிரி வழவழவென்று ஏதோ வெளிநாட்டுச் சாமான். தடவிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை, ஒரு வெளுப்பு இல்லை. அதற்கு முன்னால் தரையில் மஞ்சள் கோடு போட்டு, தாண்டாதே என்று எழுதியிருக்கிறார்கள். பிள்ளைகள் கை கட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கின்றன. பார்க்க வருகிற பெற்றோருக்கு அந்தச் சுவரைக் காட்டி அட்மிஷன் போடுகிறார்கள். எனக்குக் கை துருதுருத்தது. என் பழைய சுத்தியல் மட்டும் அன்றைக்குக் கையில் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை வேறு இடத்திலிருந்து எழுதிக்கொண்டிருப்பேன்.

அங்கிருந்து நேராக அல்வால் பள்ளி அலுவலகத்துக்குப் போனேன். நிறுவியவர் இப்போது படுக்கையில் இருக்கிறார். மகன்தான் எல்லாம். மரியாதையான பையன், எழுந்து நின்றான். அரைகுறைத் தமிழ் தெரியும்.

"அங்கிள், வாங்க. சாய் சொல்லட்டுமா?"

"சாய் நக்கோ, வேணாம். இதுக்குப் பதில் சொல்லு." மலரை மேசையில் போட்டேன். "உங்கப்பா எந்தப் பிள்ளைய அளந்தாரு? யாரு டேப் புடிச்சா? அந்தப் பலகைய போட்டது நானு. அதுல பாடம் நடத்துனது அந்த டீச்சரம்மா. ரெண்டு பேரும் எங்க?"

அவன் புன்னகை மாறாமல் சொன்னான். "அங்கிள், அப்பா எனக்கு எல்லாம் சொல்லியிருக்கார். நீங்க தப்பா அளந்துட்டீங்க, ஹை நா? அதை எப்படி மலர்ல போடறது? நம்ம ஸ்கூலோட பெருமையே மிஸ்டேக்ல வந்துதுன்னு பேரண்ட்ஸ்கிட்ட சொல்ல முடியுமா?"

"அப்போ டீச்சர?"

"அவங்கள மலருக்காக விடியோ எடுக்க ஆள் அனுப்பினோம் அங்கிள். அவங்கதான் ஒத்துக்கல." கொஞ்சம் நிறுத்தி, "நீங்களே ஊர் முழுக்க டிசைன்னுதானே சொன்னீங்க? அது டிசைன்னா, எங்க ஸ்கூல் டிசைன். அவ்வளவுதானே?" என்றான்.

மலரை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டேன். எழுபத்திரண்டு வயதில் ஒரு சின்னப் பையனிடம் தோற்றேன். என் பேச்சையே எடுத்து என் வாயில் அடைத்துவிட்டான். படிப்பு என்றால் இதுதான் போலிருக்கிறது.

டீச்சர் இரண்டு வருடத்துக்கு முன் ஓய்வு பெற்றார். ஒரு சால்வை, ஒரு சுவர்க் கடிகாரம். கணவரோடு சைனிக்புரியில் இருக்கிறார். மறுநாள் காலை அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். முடி நரைத்துவிட்டது. குரல் அதே குரல்.

"வாங்கண்ணே! என்ன, கட்சிக்காரர் மாதிரி காகிதத்தச் சுருட்டிப் பிடிச்சுட்டு வாறீக?"

மலரைக் காட்டினேன். ஏற்கெனவே பார்த்துவிட்டாராம்.

"விடியோ எடுக்க வந்தாங்களாமே. ஒத்துக்கலையாமே. இன்னாத்துக்கும்மா?"

"ஒத்துக்கிட்டேனே. முழுசாப் பேசுனேன். மேஸ்திரி மண் தரையில நின்னு அளந்துட்டாரு, இடிக்க வந்தாக, நான் ஒரு வாரம் டைம் கேட்டேன்னு உங்க பேரச் சொல்லித்தான் சொன்னேன். விடியோ எடுக்க வந்த பொண்ணு கேமராவ நிறுத்திட்டு, மேடம், தப்புங்கிறத மட்டும் விட்டுட்டு இன்னொரு தடவ சொல்லுங்கன்னுச்சு. அத விட்டா என்ன கத இருக்கு? நான் என்ன அந்தப் பலகையக் கனவுலயா கண்டேன்? இருந்தத வச்சு நடத்துனேன். மூணு தடவ கேட்டுச்சு. மூணு தடவயும் அப்படியேதான் சொன்னேன். எடுத்துட்டுப் போயிருச்சு, போடல."

தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. வகுப்பில், பார்த்தெழுதிய அந்தப் பையனைப் பார்த்த மாதிரி.

"நீங்களும் டிசைன்னு சொல்லிட்டுத் திரியிறீகளாமே. குகட்பள்ளி பிரின்சிபால் சொன்னாக. கேட்டதும் எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? நான் ஒருத்தி மட்டும் பொய் சொல்ற மாதிரி ஆயிருச்சுண்ணே."

காபி கொடுத்தார். குடித்தேன். எதைப் பேசினேன் என்று நினைவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு வந்த கோபத்துக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. அந்தப் பையன் மேல் பாதி, அவன் அப்பன் மேல் கொஞ்சம். மிச்சம் எல்லாம் என் மேல்தான். தப்பை மறைக்க நான் சொன்ன பொய் அவர்களுக்கு வசதியாகப் போய்விட்டது. என் பெயரை விட்டது கூடப் பரவாயில்லை. உள்ளதைச் சொன்ன ஒரே ஆளை அவர்கள் வெட்டி எறிவதற்கு நான்தான் கத்தி தீட்டிக் கொடுத்திருக்கிறேன். அந்த அறையில் இருபத்து மூன்று வருடம் குழந்தைகளிடம் "எப்படி வந்துச்சு" என்று கேட்டவர், தன் பலகை எப்படி வந்தது என்று கேமராவுக்கு முன்னால் சொன்னதற்காக மலரிலிருந்து போனார். மறுபடி மறுபடி கேட்டும் மாற்றிச் சொல்லாதவர். நல்ல ஆசிரியருக்கு இதற்கு மேல் என்ன அடையாளம் வேண்டும் என்று செயலாளர் எனக்குச் சொல்லட்டும்.

ஆகவே பள்ளி நிர்வாகத்துக்கு இந்தக் கட்டுரை வழியாகவே சொல்கிறேன். தமிழ் தெரியாவிட்டால் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

மலரை மறுபடி அச்சிடுங்கள். ஆர்க்கிடெக்டும் வேண்டாம், தொலைநோக்கும் வேண்டாம், அளக்காத டேப்பும் வேண்டாம். மூலை அறையின் பலகைக்கு மேலே ஒரு கல் பதியுங்கள்; கல்லை நானே கொண்டு வந்து பதிக்கிறேன். அதில் மூன்று வரி போதும். மண் தரையில் நின்று அளந்து, பலகையை ஒன்றரை அடி கீழே போட்டவன் இந்த மேஸ்திரி. இடிக்கச் சொன்னவர் பள்ளியை நிறுவியவர். இடிக்க விடாமல் அதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தவர் இந்த ஆசிரியர். மூன்று பேரின் பெயரும் முழுசாக இருக்க வேண்டும்.

அவருடைய பெயர் பெரிய எழுத்தில் இருக்கட்டும், எனக்குச் சம்மதம். ஆனால் என் வரியைச் சின்னதாக்குகிறேன், மூலையில் தள்ளுகிறேன், தப்பு என்ற சொல்லை எடுத்துவிட்டு நாசூக்காக ஏதாவது போடுகிறேன் என்று யாரும் வர வேண்டாம். அந்தப் பலகை கீழே இறங்கியது என்னால். வேறு எந்த மேஸ்திரியாவது வந்திருந்தால் ஒழுங்காக மேலே போட்டுவிட்டுப் போயிருப்பான். அந்தப் பிள்ளைகளின் கை அங்கே எட்டியிருக்காது. தப்பு என்னுடையது. தப்பு என்றே எழுதுங்கள். என் பெயரைப் போட்டு எழுதுங்கள். முதல் வரியில்.